மூன்று ஏயும் நான்கு தசமதானமும்

உயர்தரப் பரீட்சை எழுதிய, எழுதப்போகிற பிள்ளைகளின் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு திறந்த மடல்



ஒவ்வொரு முறையும் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாள் உங்களில் யாராவது என் வீட்டுப் படலையைத் திறப்பீர்கள். கையில் தொலைபேசி, திரையில் பரீட்சைகள் திணைக்களத்தின் பெறுபேற்றுப் பக்கம். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், எங்கட பிள்ளைக்கு மூன்று ஏ. மெடிசின் கிடைக்காதாம். அவளோட படிச்ச மற்றப் பிள்ளைக்கு இரண்டு ஏ, ஒரு பி. அதுக்குக் கிடைக்குமாம். இது என்ன நியாயம்?"

நியாயம் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தத் திரையில் உள்ள எண்கள் எப்படி வந்தன என்று தெரியாமலே நீங்கள் பிள்ளையோடு சண்டை பிடிக்கிறீர்கள், ரியூசன் மாற்றுகிறீர்கள், இரண்டாம் தடவை எழுதவா விடவா என்று முடிவெடுக்கிறீர்கள். இணைந்த கணிதம் படிப்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சூத்திரம் ஒன்று வரும். பயப்பட வேண்டாம், கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுட்டெண், பாடங்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எழுத்து, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை, நான்கு தசமதானத்தோடு ஓர் இசட் புள்ளி. பிள்ளை பௌதிகவியலுக்கு எத்தனை புள்ளி எடுத்தது என்பது அங்கே இல்லை. அந்தப் புள்ளி இருக்கத்தான் செய்கிறது. இணைந்த கணிதத்தையே எடுத்தால், ஒரு வினாத்தாளின் முதற் பகுதியில் பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 25. இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. மொத்தம் 1000. இப்படி இரண்டு வினாத்தாள், இரண்டையும் கூட்டி இருபதால் வகுத்தால் நூற்றுக்கு ஒரு புள்ளி. பல்தேர்வும் கட்டுரையும் உள்ள பாடங்களில் வழி வேறு. ஆனால் கடைசியில் எல்லாப் பாடமும் நூற்றுக்கு ஒரு புள்ளி என்றுதான் வந்து நிற்கும். அங்கிருந்துதான் இரண்டு பாதை பிரிகிறது.

ஒரு பாதை எழுத்துக்குப் போகிறது. 75உம் அதற்கு மேலும் ஏ. 65 முதல் பி, 55 முதல் சி, 35 முதல் எஸ், அதற்குக் கீழே எஃப். எழுத்துகளின் கதை அவ்வளவுதான். 75 எடுத்த பிள்ளைக்கும் ஏ, 98 எடுத்த பிள்ளைக்கும் ஏ. 74க்கும் 75க்கும் நடுவே ஒரு மதில். 75க்கும் 98க்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. சந்தியில் பதாகை கட்டுவதற்கு எழுத்துப் போதும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான நெறிகளுக்கு அதற்கு ஒரேயொரு வேலை: மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் எழுத்தின் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. (பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அது இசட் புள்ளியில் சேராது என்பதற்காகப் பிள்ளைகள் அலட்சியமாக எழுதுவதுண்டு. அது தவறினால் எந்த இசட் புள்ளியும் கைகொடுக்காது.)

மற்றப் பாதைதான் இசட் புள்ளி. பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவது இதுவே.

ஒரு பாடத்துக்கு அந்த ஆண்டு தோற்றிய எல்லோருடைய புள்ளிகளையும் எடுத்து ஒரு சராசரி காண்கிறார்கள். அந்தப் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கும் ஓர் எண் காண்கிறார்கள்; அதற்குப் பெயர் நியம விலகல். உங்கள் பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் தாளில் உள்ள இசட் புள்ளி. சராசரி எடுத்த பிள்ளைக்குப் பூச்சியம் வரும். அதற்குக் கீழே எடுத்தால் சய எண் வரும். பெறுபேற்றில் சய எண்ணைக் கண்டு, கணினி பிழைத்துவிட்டது என்று திணைக்களத்துக்கு அழைக்கப் புறப்பட்ட ஒரு தகப்பனைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

சராசரி எல்லோருக்கும் விளங்கும். நியம விலகல்தான் விளங்குவதில்லை. ஆனால் விளையாட்டு முழுவதும் அதற்குள்தான். ஓர் ஊரில் எல்லோரிடமும் நாலு, ஐந்து, ஆறு பரப்புக் காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பத்துப் பரப்பு வைத்திருப்பவர் பெரிய காணிக்காரர். பக்கத்து ஊரிலும் சராசரி ஐந்து பரப்புத்தான். ஆனால் பாதிப் பேருக்குக் காணியே இல்லை, சிலரிடம் முப்பது நாற்பது. அங்கே பத்துப் பரப்புக்காரரை ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். சராசரி ஒன்று, காணி ஒன்று, மதிப்பு வேறு. எல்லோரும் நெருங்கி நிற்கும் பாடத்தில் ஐந்து புள்ளி முன்னால் நிற்பது பெரிய விடயம். புள்ளிகள் சிதறிக் கிடக்கும் பாடத்தில் அதே ஐந்து புள்ளிக்கு அவ்வளவு பெறுமதி இல்லை.

இனி, மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு வருவோம். கீழே வரும் சராசரியும் விலகலும் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. எந்த ஆண்டினதும் அல்ல. பௌதிகவியலுக்குச் சராசரி 42, விலகல் 20. இரசாயனவியலுக்கு 42, 18. உயிரியலுக்கு 52, 12. முதற் பிள்ளை எடுத்தது பௌதிகவியல் 90, இரசாயனவியல் 78, உயிரியல் 75. மூன்று ஏ, மொத்தம் 243. மற்றப் பிள்ளைக்குப் பௌதிகவியலில் 74, இரசாயனவியலில் 78, உயிரியலில் 88. இரண்டு ஏ, ஒரு பி, மொத்தம் 240. எழுத்தைப் பார்த்தாலும் மொத்தத்தைப் பார்த்தாலும் முதற் பிள்ளைதான் முன்னுக்கு.

கடுதாசி எடுத்துச் செய்து பாருங்கள். முதற் பிள்ளைக்கு 48ஐ 20ஆல் வகுத்தால் 2.4, 36ஐ 18ஆல் வகுத்தால் 2, 23ஐ 12ஆல் வகுத்தால் 1.9167. கூட்டி மூன்றால் வகுத்தால் 2.1056. மற்றப் பிள்ளைக்கு 1.6, 2, 3. கூட்டி மூன்றால் வகுத்தால் 2.2000. இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்த பிள்ளை முன்னுக்குப் போய்விட்டது. யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. உயிரியலில் எல்லோரும் நெருங்கி நின்ற இடத்தில் அது கூட்டத்தை விட்டு வெகுதூரம் போனது; அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ரியூசன் வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் நான் கேட்ட தவறான பேச்சுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒரே மூன்று பாடத்தை எழுதிய இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும்போது சராசரி தானாகவே வெட்டுப்பட்டுப் போகும். இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் கழிக்கிறோம். வித்தியாசத்தில் அது எங்கே மிஞ்சும்? மேலே உள்ள கணக்கில் உயிரியலின் சராசரியை 52இலிருந்து 30ஆக மாற்றிச் செய்து பாருங்கள், இரண்டு பிள்ளைக்கும் இடையிலான தூரம் ஓர் இம்மிகூட மாறாது. ஆகவே "இந்த முறை கெமிஸ்ற்றி பேப்பர் சரியான கஷ்டம், சராசரி விழுந்திட்டுது, எங்கட பிள்ளைக்கு அநியாயம்" என்று உயிரியல் பிரிவுப் பெற்றோர் இன்னொரு உயிரியல் பிரிவுப் பெற்றோரிடம் சொல்வதில் பொருள் இல்லை. கஷ்டம் எல்லோருக்கும்தான். கேட்க வேண்டியது ஒன்றே: அந்தக் கஷ்டத்தில் புள்ளிகள் சிதறினவா, நெருங்கினவா? பரீட்சை மண்டப வாசலில் நின்று அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எனவே வினாத்தாள் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "கஷ்டமா, சுகமா" என்று விசாரிப்பதை விட்டு, குடிக்க ஏதாவது கொடுங்கள். மறுநாள் இன்னொரு வினாத்தாள் இருக்கிறது.

சராசரி உண்மையில் வேலை செய்யும் இடம் வேறு. வேறு வேறு பாடம் எடுத்த பிள்ளைகள் ஒரே வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது பேசும். கலைப் பிரிவுப் பெற்றோர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியல், நாடகமும் அரங்கியலும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவு பல. "அந்தப் பாடம் சுகம், சும்மா ஏ எடுக்கலாம்" என்று யாரோ சொல்ல, பிள்ளையை அதில் போடுகிறீர்கள். எல்லோருக்கும் சுகமான பாடத்தில் சராசரி உயர்ந்திருக்கும். சராசரி 60, விலகல் 15 என்றால், 75 எடுத்து ஏ வாங்கும் பிள்ளையின் இசட் 1. சராசரி 38, விலகல் அதே 15 உள்ள பாடத்தில் 68 எடுத்து பி வாங்கும் பிள்ளைக்கு 2. இன்னும் ஒன்றிருக்கிறது. முதற் பாடத்தில் நூற்றுக்கு நூறே எடுத்தாலும் இசட் 2.6667இல் நின்றுவிடும்; அதற்கு மேலே போக இடமில்லை. இரண்டாவது பாடத்தில் வானம் 4.1333 வரை திறந்து கிடக்கிறது. சுகமான பாடத்துக்குக் கூரை பதிவு.

உடனே "அப்ப கஷ்டமான பாடத்தை எடுக்கச் சொல்லுறீங்களோ" என்று கேட்காதீர்கள். கஷ்டமான பாடத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகவும் வழி இருக்கிறது. அதோடு, கெட்டிக்காரப் பிள்ளைகள் விரும்பிப் போய்க் குவியும் பாடமென்றால் சராசரியை அவர்களே உயர்த்தி வைத்திருப்பார்கள். இசட் முறையின் பலவீனமும் இதுதான். எந்தப் பாடத்தை எழுதும் கூட்டமும் ஏறத்தாழ ஒரே திறமையுள்ளது என்று அது தனக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் மற்றவர்களை விட்டு விலகி முன்னே போக முடியுமோ, அதுதான் அதற்கான பாடம். அதைப் பிள்ளையையும் படிப்பித்த ஆசிரியரையும் கேட்டால் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டால் தெரியாது.

இசட் புள்ளி எதைச் சொல்கிறது என்றால், இந்த ஆண்டு, இந்தப் பாடத்தை, இவர்களோடு சேர்ந்து எழுதியபோது உங்கள் பிள்ளை எங்கே நின்றது என்பதை. அதற்கு எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்வதில்லை. அடுத்த ஆண்டு அதே பிள்ளை அதே புள்ளிகளை எடுத்தால் வேறோர் இசட் வரும். உயிரியல் பிரிவுப் பிள்ளை பௌதிகவியலில் கணிதப் பிரிவுப் பிள்ளைகளோடு ஒரே கூட்டத்தில் நிற்கிறது. பாடசாலைத் தவணைப் பரீட்சையில் உயிரியல் வகுப்புக்குள் முதலாவதாக வந்த பிள்ளை, தீவு முழுவதன் பௌதிகவியல் கூட்டத்தில் எங்கே நிற்கும் என்பது அங்கே போனால்தான் தெரியும். ஆகவே எண் வந்ததும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "யாரோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள்?"

இந்தக் கேள்வியின் கனம் நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்று வந்தபோது பிள்ளைகளைப் பிரித்தது பாடத்தை வைத்து அல்ல, மொழிமூலத்தை வைத்து. நான்கு பாடத்துக்கு 400 புள்ளி இருந்த காலம். மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மூலப் பிள்ளைக்கு 250 வேண்டும், சிங்களமூலப் பிள்ளைக்கு 229 போதும் என்றார்கள். 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தது. அந்த ஆண்டுகள் ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோய் விட்டன என்று இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் இன்றைக்கும் வயதானவர்கள் சிலர் இசட் புள்ளியைக் கண்டதும் "இதுவும் அந்தத் தரப்படுத்தல்தான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களின் கோபம் எனக்கு விளங்கும். ஆனால் கணக்கு அது அல்ல. இரண்டிலும் புள்ளிகளைப் பொது அளவு ஒன்றுக்குக் கொண்டுவரும் வேலை இருக்கிறது. அன்று கூட்டத்தைப் பிரித்தது மொழி. இன்று ஒரு பாடத்தை மூன்று மொழியில் எழுதியவர்களும் ஒரே கூட்டம். பேராதனையின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்து, 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த முறை இது. அதற்கு முன் வெறும் புள்ளிகளைக் கூட்டி ஒப்பிட்டார்கள். கஷ்டமான பாடத்தின் 60உம் சுகமான பாடத்தின் 60உம் ஒன்றாக எண்ணப்பட்ட காலத்தைவிட இது மேல் என்பதே என் அபிப்பிராயம்.

கூட்டத்தைப் பிழையாகச் சேர்த்தால் நல்ல சூத்திரமும் கெட்டுப்போகும் என்பதை 2011 காட்டியது. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு தொகுதியுமாகப் பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள். பழையதை எழுதியவர்கள் திரும்ப எழுத வந்தவர்கள். புதியதை எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் முதற் தடவைக்காரர். வினாத்தாளும் வேறு, ஆட்களும் வேறு. இரண்டையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து இசட் புள்ளியைக் கணக்கிட்டுப் பெறுபேற்றை வெளியிட்டார்கள். மாவட்ட நிலைகளிலும் குழப்பம். பிள்ளைகளும் பெற்றோரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம், இவை இரண்டு தனித்தனிக் கூட்டங்கள், தனித்தனியாகக் கணக்கிடுங்கள் என்று கட்டளையிட்டது. அந்தத் தொகுதிப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலைக் காணக் காத்துக் கிடந்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் புள்ளிவிபரவியல் படித்தவர்கள் அல்லர். "யாரோடு சேர்த்தீர்கள்" என்று கேட்கத் தெரிந்தவர்கள்.

இனி வெட்டுப்புள்ளி. இதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்கூட்டியே ஒரு மேசையில் இருந்து தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறீர்கள். ஒருவரும் தீர்மானிப்பதில்லை. பொதுவாக ஒரு கற்கைநெறிக்கு உள்ள இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரம்பும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். வடக்கின் ஐந்து மாவட்டங்களும், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறையும், நுவரெலியா, பதுளை போன்றவையும் அதற்குள் வரும். பிள்ளைகள் கேட்ட விருப்ப ஒழுங்கின்படி இடங்கள் நிரம்பிக்கொண்டு போக, ஒரு மாவட்டத்தில் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி எதுவோ, அதுதான் அந்த மாவட்டத்துக்கு, அந்த நெறிக்கு, அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி. கதவு சாத்தப்பட்ட பிறகு, கடைசி ஆள் நின்ற இடத்தில் போடும் கோடு அது. ஆகவே போன ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து "கட்டாயம் கிடைக்கும்" என்றோ "கிடைக்கவே கிடைக்காது" என்றோ சொல்பவரை நம்பாதீர்கள். ஓரளவு ஊகிக்கலாம். வெறும் புள்ளியைவிட இசட் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடக்கூடியதுதான். ஆனால் கோட்டுக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கு ஊகம் போதாது. விருப்பத் தெரிவுப் படிவத்தை நிரப்பும்போது பிள்ளைக்கு உண்மையில் விருப்பமான ஒழுங்கில் நிரப்பவிடுங்கள். பெரியப்பாவின் விருப்ப ஒழுங்கில் அல்ல.

மாவட்டக் கோட்டா சரியா பிழையா என்று இந்த மடலில் தீர்க்க முடியாது. யாழ்ப்பாண நகரப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும் கொழும்பு நகரப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட, யாழ்ப்பாண நகரத்துக்கும் தீவகத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில விடயங்களில் பெரிது. கோட்டாவின் கண்ணுக்கு மாவட்டத்துக்கு உள்ளே இருக்கும் இந்தத் தூரம் தெரியாது. அதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

நான்கு தசமதானத்துக்கு வருகிறேன். என்னை உண்மையில் எரிச்சற்படுத்துவது அதுதான். 0.0003 வித்தியாசத்தில் ஒரு பிள்ளைக்கு மருத்துவ பீடம் தவறுகிறது. வீட்டில் "இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால்" என்று அழுகிறீர்கள். மேலே வைத்துக்கொண்ட விலகல்களின்படி, பௌதிகவியலில் ஒரு புள்ளி கூடினால் மொத்த இசட்டில் 0.0167 கூடும்; உயிரியலில் ஒரு புள்ளி கூடினால் 0.0278. அப்படியென்றால் 0.0003 என்பது ஒரு புள்ளியின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கட்டுரை வினாவுக்கு இரண்டு நல்ல பரீட்சகர்கள் போடும் புள்ளியில் அதைவிடப் பன்மடங்கு வித்தியாசம் வரும். புள்ளி வழங்கும் திட்டம் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும், பிரதம பரீட்சகர் திரும்பத் திரும்பப் பார்த்தாலும், மனிதக் கை அவ்வளவு நுணுக்கமாக அளக்காது. எங்கோ ஓரிடத்தில் கோடு போடத்தான் வேண்டும். இடங்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் நின்ற பிள்ளை அந்தப் பக்கம் நின்ற பிள்ளையைவிட "குறைந்தது" என்று நினைப்பதற்குக் கணக்கில் இடமே இல்லை. அதை உங்கள் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணிதம் படிப்பித்தவர் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

இதே கணக்கு இன்னும் இரண்டு முடிவுக்கு உதவும். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க முன், தூரம் எவ்வளவு என்று பாருங்கள். 0.05 குறைவென்றால் நம் எண்களின்படி பௌதிகவியலில் மூன்று புள்ளி, உயிரியலில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கூட்டற் பிழை, திருத்தாமல் விட்ட ஒரு பகுதி இதை ஈடுசெய்யலாம், விண்ணப்பிப்பதில் பிழையில்லை. 0.4 குறைவென்றால் பௌதிகவியலில் மட்டும் 24 புள்ளி கண்டெடுக்க வேண்டும். மீள்பரிசீலனையில் அதை எதிர்பார்த்துக்கொண்டு மற்ற வழிகளைப் பார்க்காமல் இருக்கவேண்டாம்.

இரண்டாம் தடவை எழுதும் முடிவும் அப்படியே. பிள்ளைக்கு 0.12 குறைவு என்று வைப்போம். மூன்றால் பெருக்கினால் 0.36. உயிரியலில் மட்டும் ஈடுசெய்வதென்றால் நாலேகால் புள்ளிக்குச் சற்று மேலே. பௌதிகவியலில் மட்டுமென்றால் ஏழு புள்ளிக்குச் சற்று மேலே. நெருங்கி நிற்கும் பாடத்தில் புள்ளிக்கு விலை கூட. ஆனால் ஏற்கெனவே 88இல் நிற்கும் பாடத்தில் இன்னும் நாலு புள்ளி ஏறுவதும் 60இல் நிற்கும் பாடத்தில் ஏழு புள்ளி ஏறுவதும் ஒரே உழைப்பு அல்ல; அந்தக் கணக்கைப் பிள்ளையோடு இருந்துதான் போட வேண்டும். மூன்று பாடத்துக்கும் திரும்ப அதே வகுப்புகளில் காசு கட்டுவது பல வீடுகளில் தேவையில்லாத செலவு. பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதக்கூடியது மூன்று தடவை. மூன்றாவது தடவை வரை போக வேண்டுமா என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள், ஊரின் முகத்தைப் பார்த்து அல்ல.

கடைசியாக ஒரு வேலை சொல்லப்போகிறேன். இந்தக் கணக்கில் நான் வைத்துக்கொண்ட சராசரியும் நியம விலகலும் உங்கள் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளில் இல்லை. பிள்ளையின் புள்ளியும் இல்லை. விடை மட்டும் இருக்கிறது, செய்கை இல்லை. வகுப்பில் செய்கை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் நான் புள்ளி போடுவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரி, நியம விலகல் என்று மூன்று எண்ணைத் தாளிலேயே அச்சிட்டால், 2011 போன்ற குழப்பம் வந்தாலும் வீட்டில் இருந்தபடியே சரிபார்க்கலாம். படலையைத் திறந்துகொண்டு என்னிடம் வரவும் தேவையில்லை. உங்கள் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் கூடும்போது, குடிதண்ணீர்த் தாங்கிக்கும் மைதான மதிலுக்கும் நடுவே இதையும் ஒரு தீர்மானமாக எழுதி அதிபரிடம் கொடுங்கள். பரீட்சைகள் ஆணையாளர் நாயகத்துக்கு முகவரியிட்ட கடித வரைவு ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்பவருக்குத் தருவேன்.

இப்படிக்கு,
இணைந்த கணிதம் படிப்பித்த ஓர் ஆசிரியன்